ஆய்வகக் குரங்குகளுக்கு ஓய்வுக் காப்பகம்: சிம்பன்சி சரணாலயங்களில் இருந்து எதை எடுக்கலாம், எதை விட வேண்டும்?

கண்டனூர்க்காரன்

எல்லோருக்கும் வணக்கம். கண்டனூருக்கும் புதுவயலுக்கும் இடையில் எங்கள் அறக்கட்டளைக்கு 12 ஏக்கர் மேட்டு நிலம் இருக்கிறது. செம்மண், நாலடி தோண்டினால் செம்பொறை. பாதி நிலத்தில் சீமைக்கருவேலம், நடுவில் கல் கட்டிய பழைய ஊரணி. ஆய்வு முடிந்தும் ஆய்வகக் கூண்டிலேயே கிடக்கும் நாட்டுக்குரங்கு, செம்முகக் குரங்கு (ரீசஸ்) இரண்டிலுமாக ஒரு இருபதை இங்கே கொண்டுவந்து, ஆயுசு முழுக்க வைத்துக் காப்பாற்றலாம் என்று யோசனை.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆய்வகச் சிம்பன்சிகளை ஓய்வுக்கு அனுப்ப ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர்கள் அடிபட்டுக் கற்றதை நாம் மறுபடியும் அடிபட்டுக் கற்க வேண்டாம் என்றுதான் இங்கே கேட்கிறேன். ஃபுளோரிடாவில் தண்ணீர் சூழ்ந்த தீவுகளில் விட்டிருக்கிறார்கள். அதே மாதிரி ஊரணியை அகலமாக வெட்டி நடுவில் திட்டு விடலாமா? நன்றாகப் பழகிய பிறகு பிரான்மலைப் பக்கம் காட்டில் விட்டுவிடலாமா? எல்லாவற்றையும் ஒரே கூட்டமாக வைக்கலாமா? செலவை எப்படிக் கணக்குப் போடுவது?

கம்பிக்கட்டு

ஊரணி யோசனையை விட்டுவிடுங்கள் அண்ணே. அகழி சிம்பன்சிக்குச் சரி, நம் குரங்குக்குச் சரிவராது. சிம்பன்சி உடம்பில் கொழுப்பு குறைவு, தசை அதிகம். நீச்சல் வராது, ஆழத்தில் இறங்கினால் மூழ்கிவிடும். அதை வைத்துத்தான் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸில் சேவ் தி சிம்ப்ஸ் என்ற காப்பகம் 12 தீவுகளை அமைத்தது. ஒவ்வொன்றும் சுமார் 3 ஏக்கர். லூசியானாவில் கீத்வில் ஊரிலுள்ள சிம்ப் ஹேவன் காப்பகத்தில் 200 ஏக்கர் இருக்கிறது. அங்கே மரக்காட்டு அடைப்புகளுக்கு அகழியையும் மதிலையும் சேர்த்துக் கட்டினார்கள். நாட்டுக்குரங்கோ தண்ணீரில் குதித்து முங்கி அக்கரையில் ஏறும். செம்முகக் குரங்கும் அப்படித்தான். உங்கள் அகழி இரண்டுக்கும் குளிக்கிற இடமாகத்தான் இருக்கும்.

சிம்பன்சிக்கே கூட அகழி முழுப் பாதுகாப்பு இல்லை. சண்டையில் துரத்தப்பட்டுத் தண்ணீரில் விழுந்து செத்த சிம்பன்சிகள் பல மிருகக்காட்சி சாலைகளில் உண்டு. அதனால்தான் கரையைச் செங்குத்தாக வெட்டாமல் சரிவாக விட்டு, விழுந்தது பிடித்து ஏற வழி வைக்கிறார்கள்.

உங்களுக்கு வேண்டியது மேலேயும் மூடிய கம்பிவலை அடைப்பு. 10 முதல் 12 குரங்கு கொண்ட ஒரு கூட்டத்துக்கு 15 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் வையுங்கள். உயரத்தில் கஞ்சத்தனம் கூடாது. பயந்த குரங்கு பக்கவாட்டில் ஓடாது, மேலேதான் ஏறும். ஏறி உட்கார இடமில்லாவிட்டால் மூலையில் மாட்டிக் கடிபடும். வெல்டு மெஷ் கண் 25க்கு 50 மில்லிமீட்டர், கம்பி 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல். சிம்பன்சி அடைப்புக்குப் போடுகிற பெரிய கண் வலையில் நம் குரங்கு முழங்கை வரை கையை வெளியே விடும். வலையின் அடியை மண்ணில் புதைத்தால் போதாது. செம்பொறை வரை தோண்டி, கான்கிரீட் பட்டையில் இறுக்கி நிறுத்துங்கள். இந்த விஷயத்தில் உங்கள் நிலம் நல்ல நிலம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். துத்தநாகம் பூசிய மலிவு வலையில் பூச்சு சொட்டுச் சொட்டாகத் திரண்டு நிற்கும். குரங்கு அதை நக்கும், சுரண்டித் தின்னும். உடம்பில் துத்தநாகம் ஏறினால் செம்புச் சத்தைச் சேரவிடாது. ரத்தம் குறையும், மயிர் வெளுக்கும். துத்தநாகக் கூண்டில் வளர்ந்த செம்முகக் குரங்குக் குட்டிகளிடம் இதைக் கண்டுபிடித்தார்கள். வெல்டு செய்த பிறகு துத்தநாகத்தில் முக்கியெடுத்த வலையாகக் கேளுங்கள். பொருத்துவதற்கு முன் கம்பி பிரஷ்ஷால் திரட்சிகளைத் தேய்த்து எடுத்து, வினிகர் கலந்த தண்ணீரால் கழுவி, ஒரு மழை நனைய விடுங்கள்.

கதவு எப்போதும் இரட்டை. முதல் கதவு பூட்டியதைக் கையால் இழுத்துப் பார்த்த பிறகுதான் இரண்டாவதைத் திறக்க வேண்டும். சரணாலயங்களில் விலங்கு தப்புவது பெரும்பாலும் வலை அறுந்து இல்லை, பூட்டு மறந்துதான்.

குன்றக்குடி, பிள்ளையார்பட்டி மாதிரி உங்கள் ஊர்ப்பக்கமும் வெளிக்குரங்கு சுற்றும் அல்லவா? அவை வலையோரம் வரும். உள்ளேயும் வெளியேயும் விரலைப் பிடித்துக் கடித்துக்கொள்ளும், நோயையும் மாற்றிக்கொள்ளும். முதல் வலைக்கு வெளியே ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டு இன்னொரு வேலி போடுங்கள். மேலேயும் அந்த இடைவெளி வேண்டும், நிறைய பேர் கூரையை மறந்துவிடுவார்கள்.

மருந்துப்பெட்டி

காட்டில் விடுகிற பேச்சுக்கு வருகிறேன். வேண்டவே வேண்டாம்.

ஆய்வகத்துக் குரங்குக்கு இரை தேடத் தெரியாது, பாம்புக்கும் நாய்க்கும் ஒதுங்கத் தெரியாது, ஏற்கெனவே அங்கிருக்கும் கூட்டம் அதை உள்ளே விடாது. இதெல்லாம் அதற்கு வரும் கேடு. காட்டுக்கு வரும் கேடு இன்னும் பெரிது. உடம்பில் என்ன கிருமி ஏற்றினார்கள் என்பதைப் பொறுத்து, அது போய்ச் சேரும் கூட்டமே அழியலாம். நாட்டுக்குரங்கு தென்னிந்தியாவில் மட்டுமே உள்ள இனம்; அழிவை நோக்கும் உயிரினங்களுக்கான உலகச் சிவப்புப் பட்டியலில் இப்போது அழியும் வாய்ப்புள்ள இனமாக வைத்திருக்கிறார்கள். செம்முகக் குரங்கு வடக்கத்தி இனம், அதை இங்கே வெளியே விடுவது இரட்டைத் தப்பு. அமெரிக்க ஆய்வகங்களிலிருந்து ஓய்வு பெற்ற சிம்பன்சிகளையும் ஆப்பிரிக்கக் காட்டுக்கு அனுப்பாமல் காப்பகங்களில்தான் வைத்தார்கள். காரணம் இதேதான்.

குரங்கு வருவதற்கு முன்னால் அதன் கோப்பு வர வேண்டும். எந்தக் கிருமி, எந்த மருந்து, எந்தத் தேதி. எத்தனை தடவை மயக்கம் கொடுத்தார்கள், எந்த மயக்க மருந்துக்கு மூச்சு தடுமாறியது. ஈரல் துண்டு எடுத்தார்களா. தனிக்கூண்டில் எத்தனை வருஷம். குட்டியில் தாயிடம் இருந்ததா. கடைசி இரண்டையும் ஆய்வகத்தில் கேட்டால்தான் சொல்வார்கள், ஆனால் கூட்டம் சேர்க்கும்போது அதுதான் கைகொடுக்கும். கனடாவின் ஃபௌனா காப்பகம் 1997-ல் நியூயார்க் ஆய்வகத்திலிருந்து 15 சிம்பன்சிகளை ஏற்றது. அவற்றில் எட்டுக்கு எச்.ஐ.வி. ஏற்றியிருந்தார்கள். கோப்பு இருந்ததால் வேலையாட்களுக்கு என்ன கையுறை, ரத்தம் சிந்தினால் என்ன செய்வது என்று முன்கூட்டியே ஒழுங்கு செய்ய முடிந்தது.

வந்ததும் தனிமைக்காலம், குறைந்தது 31 நாள். அதற்குள் காசநோய்ச் சோதனை மூன்று முறை, இரண்டு வாரத்துக்கு ஒன்று. மேல் இமைத் தோலுக்குள் 0.1 மில்லி டியூபர்குலின் (காசநோயைக் கண்டுபிடிக்கும் சோதனை ஊசி மருந்து) ஏற்றி 24, 48, 72 மணி நேரத்தில் பார்க்க வேண்டும். இமை சிவந்து வீங்கித் தொங்கினால் சந்தேகம். ஏன் இமையில் என்றால், பிடிக்காமல் கூண்டுக்கு வெளியே இருந்தே பார்த்துவிடலாம். ஒரு தடவை சுத்தம் என்று வந்தால் போதாது, நோய் முற்றிய குரங்கில் ஊசி எதையும் காட்டாமலே போகும். மூன்றும் சுத்தம் என்றால்தான் அடுத்த கதவு. வேலையாட்களுக்கும் வருஷம் ஒரு முறை மார்பு எக்ஸ்ரே எடுங்கள். காசநோய் பெரும்பாலும் நம்மிடமிருந்துதான் குரங்குக்குப் போகிறது. பிள்ளையார்பட்டி வருகிறவர்கள் வழியில் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று வாசலைத் திறந்து வைக்காதீர்கள்; நமக்குச் சாதாரண ஜலதோஷம், சிம்பன்சிக் கூட்டத்தில் நிமோனியாவாக மாறி உயிரை எடுத்திருக்கிறது.

இனி சிம்பன்சியில் இல்லாத, நம் குரங்கில் உள்ள ஆபத்து: பி வைரஸ். இந்தக் குரங்கினங்கள் அதை எந்த நோயும் காட்டாமல் சுமக்கும். மனிதருக்கு வந்தால் மூளையைத் தாக்கும். உடனே மருந்து கொடுக்காவிட்டால் பிழைப்பது அரிது. கடி, கீறல், கண்ணில் சிறுநீர் தெறிப்பு எதுவானாலும் முதல் வேலை கழுவுவது, சோப்பும் தண்ணீருமாக 15 நிமிஷம், கடிகாரம் பார்த்து. கண்ணென்றால் வெறும் தண்ணீர். பிறகு மருத்துவமனை. போகும்போது இது குரங்குக் கடி, பி வைரஸுக்கு மாத்திரை வேண்டும் என்று எழுதிய அட்டை கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ரேபிஸ் ஊசி மட்டும் போட்டு அனுப்பிவிடுவார்கள். கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் யாரும் வலைப்பக்கம் போகக்கூடாது.

தீவனத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குரங்குக்கும் நம்மைப் போல வைட்டமின் சி உடம்பில் உண்டாகாது. மூட்டையில் வரும் குரங்குத் தீவனத்தில் அது இருக்கிறது, ஆனால் சாதாரண வகை அரைத்த தேதியிலிருந்து 90 நாளுக்குள் தீர வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் அடுக்கினால் அதுவும் தாங்காது. தினம் ஒரு துண்டு கொய்யா அந்தக் குறையை அடைக்கும். 6 கிலோ குரங்குக்கு உலர் தீவனம் 120 முதல் 150 கிராம், மீதி கீரை, வெள்ளரி, சுரை, முருங்கை இலைக்கொத்து. வாழைப்பழத்தை மருந்து மறைத்துக் கொடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கோயில் குரங்குக்குப் போடுவது போலப் பொரியும் பழமும் போட்டால் நாளடைவில் சர்க்கரை நோய் வரலாம்.

வளவுத்திண்ணை

கம்பிக்கட்டு சொன்ன அளவெல்லாம் சரி. ஆனால் கட்டடம் முடிந்து குரங்கு வந்த பிறகுதான் பெரிய வேலை ஆரம்பிக்கிறது. கூட்டம் சேர்க்கிறது. பல வருஷம் தனிக்கூண்டில் இருந்த விலங்குக்கு இன்னொரு விலங்கின் முகம் படிக்கத் தெரியாது. பல்லைக் காட்டினால் அது பயம், சிரிப்பு இல்லை என்றுகூடத் தெரியாது.

ஆஸ்திரியாவில் மருந்து நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில் இருந்த சுமார் 40 சிம்பன்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் ஆய்வில் தனித்தனியாக வருஷக்கணக்கில் இருந்தவை. ஆய்வு நின்றதும் அவற்றை ஏற்ற சஃபாரி பூங்கா 2004-ல் திவாலானது. பிறகு குட் ஐடர்பிக்ல் காப்பகம் எடுத்து, 2011-ல்தான் முதல் தடவையாகப் புல்வெளிக்குக் கதவைத் திறந்தார்கள். வாசலில் நின்று ஒன்றை ஒன்று கட்டிப் பிடித்துக்கொண்டன, புல்லில் கால் வைக்கத் தயங்கின. அதுவரை கட்டிப் பிடிக்க ஒரு துணையைச் சேர்த்து வைத்ததுதான் அந்த இடைப்பட்ட வருஷங்களின் வேலை.

செய்முறை ஒன்றுதான், அவசரம் கூடாது. முதலில் கண்ணால் மட்டும்: எதிரெதிர் அறை, நடுவில் நடைபாதை, ஒரு வாரம். அடுத்து ஒரே சுவரில் சின்ன வலை ஜன்னல், விரல் நுழையக் கூடாது. இரண்டும் ஜன்னலோரம் முதுகு காட்டி உட்கார்ந்தாலோ, உதடு சப்பினாலோ நல்ல சகுனம். மயிர் சிலிர்த்து வலையை அடித்தால் இன்னும் ஒரு வாரம். பிறகு இரண்டை மட்டும் ஒரே அறையில், பத்து நிமிஷம், வயிறு நிறைந்த பிறகு. பசியோடு சேர்த்தால் தீவனத்துக்கே சண்டை வரும். ஜோடி நிலைத்த பிறகு மூன்றாவது. மூன்றாவதாகச் சாதுவானதைச் சேருங்கள். முரடை முதலில் சேர்த்துச் சரிசெய்துவிடலாம் என்று போனால் உள்ள ஜோடியும் உடையும்.

அறைக்கு இரண்டு வாசல் கட்டாயம், சுற்றி ஓடித் திரும்பி வருகிற மாதிரி. முட்டுச்சந்து இருந்தால் அங்கேதான் விரல் போகும், காது போகும். சண்டை மூண்டால் பிரிக்கத் தண்ணீர்க் குழாய் நீர்ப்பாய்ச்சலோடு தயாராக நிற்கட்டும். கதவை இழுக்கிறவர் வேறு, பார்த்துச் சொல்கிறவர் வேறு. ஒரே ஆள் இரண்டையும் செய்யக் கூடாது.

நாட்டுக்குரங்கையும் செம்முகக் குரங்கையும் ஒரே கூட்டமாக வைக்கவே கூடாது. நாட்டுக்குரங்கு ஆண்கள் ஒருவரை ஒருவர் கொஞ்சம் சகிக்கும். செம்முகத்தில் படிநிலை கடுமை; தாய் வழியில் யார் மேல், யார் கீழ் என்று பெண்கள் நிர்ணயிக்கும், வெளியிலிருந்து வரும் பெண்ணை எளிதில் ஏற்காது. இரண்டு கூட்டம், இரண்டு அடைப்பு, இடையில் சுவர்.

குட்டி பிறக்கக் கூடாது என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். காப்பகத்தில் பிறக்கிற ஒவ்வொரு குட்டியும் 25, 30 வருஷ இடம், இன்னொரு ஆய்வகக் குரங்கின் இடம். ஆண்களுக்கு விந்துக்குழாய் வெட்டுகிற ஆபரேஷன் செய்தால் குணம் மாறாது, கூட்டம் குலையாது. ஆனால் ஆபரேஷன் ஆன நாளிலிருந்து மூன்று மாதம் பெண்களோடு விடாதீர்கள்; பிறகும் விந்துச் சோதனை பார்க்க வேண்டும். சிம்ப் ஹேவனில் எல்லா ஆண்களுக்கும் ஆபரேஷன் செய்திருந்தும் 2007-ல் ஒரு குட்டி பிறந்தது. வெட்டிய குழாய் தானே கூடிக்கொள்ளும்.

கண்டனூர்க்காரன்

அகழியும் காடும் இதோடு முடிந்தன, நன்றி. இன்னும் இரண்டு. நிலத்தின் ஓரத்தில் கூரை இறங்கிய பழைய வளவு வீடு ஒன்று இருக்கிறது. அதைப் பழுது பார்த்து இரவுக் கூடமாக்கலாமா? செலவைப் பற்றி யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை.

கம்பிக்கட்டு

வீட்டுக்குள் குரங்கை விடாதீர்கள். ஆத்தங்குடிக் கல் தரை சிறுநீர் பட்டால் வழுக்கும், ஓடுகிற குரங்கு இடுப்பை உடைத்துக்கொள்ளும். சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டித் தின்னும், தேக்கு நிலையைப் பல்லால் சிராயாக்கும், அந்தப் பிளவுகளைக் கிருமி போகக் கழுவ முடியாது. அலுவலகம், தீவன அறை, மருந்து அறைக்கு அந்த வீடு நன்றாகப் பொருந்தும்.

வீட்டிடமிருந்து காற்றோட்டத்தைக் கடன் வாங்குங்கள். உயரக் கூரை, நடுவில் முற்றம், முகப்பிலிருந்து பின்கட்டு வரை நேர்க்கோட்டில் வாசல். இரவுக் கூடத்தையும் அப்படி வடக்கு தெற்காகத் திறந்து கட்டினால் மின்விசிறி இல்லாமலே மே மாதம் தாங்கும். தரை சொரசொரப்பான சிமெண்ட், மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வாட்டம். தண்ணீர்க் குழாயை ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். மேலே ஓடினால் மத்தியானம் குழாயில் வருவது வெந்நீர், குரங்கு குடிக்காமலே கிடக்கும்.

12 ஏக்கரில் அடைப்புக்கு ஒரு ஏக்கர் போதும். மீதியில் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்துவிட்டு முருங்கை, அகத்தி, நாவல், கொடுக்காப்புளி வையுங்கள். தினம் கிளை ஒடித்து உள்ளே போட வேண்டும், அதற்கே அத்தனை மரமும் தேவைப்படும்.

கணக்குப்பிள்ளை

செலவைச் சொல்கிறேன். சிம்பன்சி வரலாற்றில் கண்ணீரை வரவழைத்தது நோயை விடப் பணம்தான்.

அமெரிக்காவில் 2000-ல், ஆய்வு முடிந்த சிம்பன்சிகளுக்கு ஓய்வுக் காப்பகம் அமைக்கிற சிம்ப் சட்டம் வந்தது. காப்பகம் நிறுவும் செலவில் பத்தில் ஒரு பங்கையும், பராமரிப்பில் நாலில் ஒரு பங்கையும் காப்பகமே திரட்ட வேண்டும், மீதி அரசு. அதோடு அரசு மொத்தம் 3 கோடி டாலருக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று ஓர் உச்சவரம்பு. 2013-ல் தேசிய சுகாதார நிறுவனம் 50 தவிர மற்ற எல்லாச் சிம்பன்சிகளையும் ஓய்வுக்கு அனுப்புவதாக அறிவித்தபோது அந்த வரம்பு முட்டிக்கொண்டு நின்றது. சட்டத்தைத் திருத்திய பிறகுதான் வழி திறந்தது. மீதி 50-க்கும் ஓய்வு என்று 2015-ல் அறிவித்தார்கள்.

இன்னொரு பக்கம் லைபீரியா. நியூயார்க் ரத்த மையம் அங்கே 1970-களிலிருந்து ஹெபடைடிஸ் ஆய்வு நடத்தியது. முடிந்ததும் சிம்பன்சிகளை ஆற்றுத் தீவுகளில் விட்டது. அந்தத் தீவுகளில் குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது, தின்ன எதுவும் விளையாது. படகில் ஆள் கொண்டுபோனால்தான் சோறும் தண்ணீரும். 2015-ல் மையம் பணத்தை நிறுத்தியது. அறுபதுக்கு மேற்பட்ட உயிர்கள் அங்கே படகைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. உள்ளூர்ப் பணியாளர்களும் விலங்கு நல அமைப்புகளும் தாங்கிப் பிடித்தார்கள். 2017-ல் 60 லட்சம் டாலர் தருவதாக மையம் ஒப்புக்கொண்டது.

உங்களுக்கு இதில் உள்ள வேலை என்னவென்றால், குரங்கை வாங்குவதற்கு முன் ஆய்வகத்திடம் பணத்துக்கு எழுத்து வாங்குவது. நம் நாட்டில் இதற்கு ஆதாரம் இருக்கிறது. விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்தியக் குழுவின் நெறிமுறையில் ஆய்வுக்குப் பிந்தைய பராமரிப்பும் மறுவாழ்வும் ஆய்வு செய்தவரின் பொறுப்பு. அந்தச் செலவு ஆய்வுச் செலவின் பகுதி. விலங்கின் உணர்வு நிலை உயர உயர அதுவும் உயர வேண்டும். குரங்குக்கு அந்த வாசகம் அப்படியே பொருந்தும். தானமாகக் கொடுக்கிறோம், எடுத்துப் போங்கள் என்று சொன்னால் தலையாட்டி விடாதீர்கள்.

கணக்கு இப்படிப் போடுங்கள்: 20 குரங்குக்குத் தினச் செலவில் தீவனம் சின்னப் பங்குதான், சம்பளம்தான் பெரிது. விடுமுறை, இரவுக் காவல் எல்லாம் சேர்த்துக் குறைந்தது ஆறு ஆள், வாரம் இரண்டு நாள் வரும் கால்நடை மருத்துவர் ஒருவர். இந்த வருஷச் செலவை எழுதிக்கொண்டு, வந்து சேரும் குரங்குகளில் இளையதின் வயதைப் பாருங்கள். அது ஐந்து வயதென்றால் இன்னும் 20, 25 வருஷம் கணக்கு. கடைசிக் குரங்கு ஒன்றே ஒன்று மிஞ்சினாலும் மூன்று ஆள் வேண்டும். வைப்புநிதி அந்த வருஷத்தையும் தாங்க வேண்டும். அனுமதி விஷயம்: வனத்துறையும் மத்திய மிருகக்காட்சி சாலை ஆணையமும் எழுத்தில் சம்மதம் கொடுக்காமல் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள்.

கண்டனூர்க்காரன்

ஒரு ஆய்வகத்தில் 22 வயது, 24 வயது என்று கிழடுகளும் இருக்கின்றன என்கிறார்கள். அவற்றை அங்கேயே விட்டுவிடுவதுதான் கருணையா?

மருந்துப்பெட்டி

இதே கேள்வியில்தான் அமெரிக்காவில் வழக்கு வரை போனது. நியூ மெக்சிகோவில் அலமொகோர்டோ ஊரில் இருந்த 44 சிம்பன்சிகள் பயணத்தைத் தாங்காது, அங்கேயே இருக்கட்டும் என்று தேசிய சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. அது சிம்ப் சட்டத்துக்கு விரோதம் என்று 2022 டிசம்பரில் மேரிலாந்து கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல உயிர்கள் அந்த இடைவெளியிலேயே போய்விட்டன. அதே ஊரில் மூடப்பட்ட வேறொரு ஆய்வகத்தின் சிம்பன்சிகளைத்தான் சேவ் தி சிம்ப்ஸ் 2002-ல் ஏற்றது, மொத்தம் 266. ஜன்னல் வைத்த டிரெய்லரில் தடவைக்குப் பத்துப் பத்தாக ஏற்றி, 2011 டிசம்பரில்தான் கடைசி வண்டி ஃபுளோரிடா போய்ச் சேர்ந்தது. அவற்றில் வயதானவையும் இருந்தன.

என் கருத்தில் வயதை வைத்து முடிவு செய்யக் கூடாது. தானே நடந்து தீவனத்துக்கு வருகிறதா, இதய ஸ்கேனில் என்ன தெரிகிறது, பக்கத்துக் கூண்டில் அதற்குப் பழகிய துணை உண்டா என்று பாருங்கள். துணை இருந்தால் இரண்டையும் ஒரே வண்டியில், ஒன்றை ஒன்று பார்க்கிற மாதிரி ஏற்றுங்கள். துணையைப் பிரித்துத்தான் கொண்டுவர முடியும் என்றால் அதை மட்டும் நான் விட்டுவிடுவேன்.

கிழட்டுக் குரங்குக்கு மயக்கம் கொடுத்து ஏற்றுவதுதான் ஆபத்து, பயணம் அவ்வளவு இல்லை. பயணப் பெட்டியை ஆறு வாரம் முன்னாலேயே அதன் கூண்டு வாசலில் பொருத்தச் சொல்லுங்கள். முதல் வாரம் கதவைக் கழற்றிவிட்டுத் தீவனத்தை வாசலில் வைக்கட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளட்டும். உள்ளே போய்த் திரும்பி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் கதவு. முதலில் ஒரு நொடி மூடித் திறக்க வேண்டும், பிறகு பத்து நொடி, பிறகு ஐந்து நிமிஷம். நடுவில் ஒரு நாள் பயந்தால் இரண்டு படி பின்னால் போங்கள். மார்கழி, தை மாத இரவுப் பயணம்; இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி, வெள்ளரித் துண்டும் தண்ணீரும். பெட்டியில் இருந்த பழைய சாக்கைக் கழுவாமல் அப்படியே புது அறையில் போட்டுவிடுங்கள், அதன் வாசனை அங்கே இருக்கட்டும்.